நல்ல துரையின் மகள்

ரிச்சர்ட் லோவெல் எட்ஜ்வொர்த்துக்கு நான்கு மனைவிகள், 22 பிள்ளைகள். மூத்தவன் பிறந்தது 1764-இல், கடைக்குட்டி பிறந்தது 1812-இல். கடைக்குட்டி பிறந்தபோது மூத்தவன் இறந்து 16 வருடங்கள் ஆகியிருந்தன. இதற்கு நடுவில் மனிதர் நிலம் அளக்கும் சக்கரம் ஒன்றைச் செய்தார். சாலை போடுவது எப்படி என்று புத்தகம் எழுதினார். ஊர்த் தேவாலயத்துக்கு இரும்பில் கோபுர உச்சி செய்து அதைத் தரையிலிருந்து இயந்திரத்தால் தூக்கி நிறுத்தினார். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கடைசி உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார். 18-ஆம் நூற்றாண்டின் பாதி இவர் வீட்டுக் கூடத்தில் நடந்திருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் நான் இவரைத் தேடிப் போகவில்லை. இவருடைய மகள் மரியா எட்ஜ்வொர்த் எழுதிய 'காசல் ராக்ரென்ட்' என்ற சின்ன நாவலை நாலைந்து ரயில் பயணங்களில் வாசித்து முடித்தேன். அந்த நாவலின் தலைப்புப் பக்கத்தில் ஒரு வருடம் இருக்கிறது. அயர்லாந்துப் பண்ணையார்கள் 1782-க்கு முன்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே இந்தக் கதை என்று அது வாசகரிடம் சொல்லிவிடுகிறது. ஏன் 1782? வரலாறு தெரிந்தவர்கள், டப்ளின் நாடாளுமன்றத்துக்குச் சுயமாகச் சட்டம் இயற்றும் உரிமை கிடைத்த வருடம் அது என்பார்கள். சரிதான். மரியாவின் அப்பா குடும்பத்தோடு அயர்லாந்துக்குத் திரும்பி வந்து, தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அதே வருடம்தான். கெட்ட பண்ணையார்களின் காலம் என் அப்பா வந்ததோடு முடிந்துவிட்டது என்று ஒரு மகள் அட்டையிலேயே சொல்கிறாளா? அந்தக் கேள்விதான் என்னை அப்பாவிடம் கொண்டுபோய் விட்டது.

எட்ஜ்வொர்த்கள் அயர்லாந்துக்காரர்கள் இல்லை. 1580-களில், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், இங்கிலாந்திலிருந்து போனவர்கள். 1619-இல் லாங்ஃபோர்ட் பகுதியில் அரசர் பங்கிட்டுக் கொடுத்த நிலத்தில் 600 ஏக்கர் இவர்களுக்குக் கிடைத்தது. அது ஓ'ஃபாரல் என்ற ஐரிஷ் குலத்தின் மண். வந்தவர்களின் பெயரே ஊருக்கும் ஆயிற்று, எட்ஜ்வொர்த்ஸ்டவுன். 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கத்தோலிக்கர்கள் அங்கே நிலம் வாங்க முடியாது. 31 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு எடுக்க முடியாது. 1793 வரை ஓட்டுப் போட முடியாது. நாட்டில் பெரும்பான்மை அவர்கள். நிலமும் நாடாளுமன்றமும் எட்ஜ்வொர்த் மாதிரி ஆட்களிடம். இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் எவ்வளவு நல்லவர் என்று சொல்ல ஆரம்பிக்க வேண்டும்.

1744-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே, அப்பாவின் நண்பர் வீட்டுப் பெண் ஆனா மரியா எலர்ஸைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து எல்லைக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணம் அவருக்குச் சீக்கிரமே கசந்துவிட்டது. வீட்டில் இருப்பதைவிட நண்பர்களோடு இருப்பது பிடித்திருந்தது. நண்பர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எராஸ்மஸ் டார்வின், நீராவி எந்திரத்து ஜேம்ஸ் வாட், பீங்கான் செய்யும் வெட்ஜ்வுட் எல்லாரும் சேர்ந்த 'லூனார் சொசைட்டி' வட்டம் அது. குதிரைப் பந்தய முடிவை நியூமார்க்கெட்டிலிருந்து லண்டனுக்கு அன்றைக்கே கொண்டுவர முடியுமா என்ற பேச்சிலிருந்து, மேட்டுக்கு மேடு கை காட்டிச் செய்தி அனுப்பும் தந்தி முறை ஒன்றை 1767-இல் யோசித்தார். மின்சாரம் வருவதற்கு வெகு முன்பு. சூதாட்டத்துக்காகப் பிறந்த யோசனை 1804-இல் அரசாங்கத்துக்காக டப்ளினிலிருந்து கால்வே வரை கோபுர வரிசையாக நின்றது.

மூத்த மகனை ரூசோவின் 'எமில்' நூலில் சொன்னபடி வளர்த்தார். புத்தகம் கிடையாது, கட்டுப்பாடு கிடையாது, வெறும் கால், திறந்த வெளி. பையனை பாரிசுக்குக் கூட்டிப்போய் ரூசோவிடமே காட்டினார். பையன் பலசாலியாக, தைரியசாலியாக வளர்ந்தான், யார் சொல்லுக்கும் அடங்கவில்லை. கடலுக்குப் போனான், பிறகு அமெரிக்காவுக்குப் போனான், 1796-இல் இறந்தான். தத்துவத்தைச் சொந்தப் பிள்ளை மேல் சோதித்துப் பார்த்ததில் நஷ்டம் பிள்ளைக்கு.

1773 மார்ச்சில் ஆனா மரியா பிரசவத்துக்குப் பிறகு இறந்தாள். கணவர் அப்போது பிரான்சின் லியோன் நகரில், ரோன் ஆற்றைத் திருப்பிவிடும் வேலையில் இருந்தார். ஊருக்கு வந்தார். நான்கு மாதத்தில், ஏற்கெனவே மனசைப் பறிகொடுத்திருந்த ஹொனோரா ஸ்னெய்டைக் கல்யாணம் செய்தார். அம்மா இறந்தபோது மரியாவுக்கு 5 வயது.

ஹொனோரா கெட்டிக்காரப் பெண். பிள்ளைகளோடு பேசி, அவர்கள் என்ன கேட்கிறார்கள், என்ன பதில் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சட்டம் போடுவதற்கு முன்னால் அவர்களைக் கவனித்துப் பார்ப்போம் என்ற யோசனை அது. ரூசோவை நம்பிக் கை சுட்டுக்கொண்ட வீட்டில் இந்த நோட்டு முக்கியமானது. 1798-இல் அப்பாவும் மகளும் சேர்ந்து வெளியிட்ட 'நடைமுறைக் கல்வி' நூலுக்கு அந்த நோட்டுதான் விதை. ஆனால் ஹொனோரா 1780-இல் காசநோயில் போய்விட்டாள். போகும்போது, தன் தங்கை எலிசபெத்தைக் கட்டிக்கொள்ளும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். நம் வீடுகளில் அக்கா போனால் தங்கை வருவது கேள்விப்படாத விஷயம் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கோ அது முறைகெட்ட உறவு. ஊரே பேசியது. அவர் அந்த வருட கிறிஸ்துமஸ் அன்றைக்கே எலிசபெத்தைக் கல்யாணம் செய்தார்.

இந்த எலிசபெத்தோடும் பிள்ளைகளோடும்தான் 1782-இல் அயர்லாந்து போய் இறங்கினார். மரியாவுக்கு 14 வயது.

அங்கே நிலம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். பெரிய பண்ணையார் பலர் டப்ளினிலோ லண்டனிலோ பாத்திலோ இருப்பார்கள். நிலத்தை மொத்தமாக ஒரு இடைத்தரகருக்கு நீண்ட குத்தகைக்கு விடுவார்கள். அவர் துண்டு போட்டு இன்னொருவருக்கு, அவர் இன்னும் துண்டாக்கி இன்னொருவருக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் குத்தகை ஏறும். கடைசியில் உழுகிறவன் தலையில் எல்லாருடைய லாபமும் உட்கார்ந்திருக்கும். உழுகிறவன் நிலத்தைச் சீர்படுத்தினால், அடுத்த குத்தகையில் அதற்கும் சேர்த்து விலை ஏறும். குத்தகை தவறினால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு. பணம் போக, கோழி, வாத்து, வான்கோழி, இனாமாகச் சில நாள் உழைப்பு, இவையும் பண்ணை வீட்டுக்குப் போக வேண்டும். இப்படிப் பிழியப்படும் குத்தகைக்குத்தான் ராக்ரென்ட் என்று பெயர்.

எட்ஜ்வொர்த் இதில் பலதை நிறுத்தினார். இடைத்தரகரை ஒதுக்கிவிட்டு, குத்தகைக்காரர்களைத் தானே நேரில் பார்த்துப் பணம் வாங்கினார். கோழியும் இனாம் உழைப்பும் வேண்டாம் என்றார். உள்குத்தகைக்கு விடுவதைத் தடுத்தார். மற்ற பண்ணையார்கள் அரை வருடக் குத்தகை வரை பாக்கி நிற்க அனுமதித்தார்கள் என்றால், இவர் ஒரு வருடம் வரை விட்டார். எல்லாக் கணக்கும் மரியாவின் கையில். 14 வயதுப் பெண் அப்பாவோடு குதிரையில் போய் நிலத்தைப் பார்ப்பாள். குத்தகை நாளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டில் வரவு எழுதுவாள். ஒவ்வொருவனும் தன் பாக்கிக்கு என்ன காரணம் சொல்கிறான், எப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிறான், எங்கே பணிந்து எங்கே குத்துகிறான் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கிடைக்காத படிப்பு.

அந்த ஒரு வருட பாக்கி விஷயத்தில்தான் எனக்கு இடறுகிறது. ஒரு வருடம் தவணை கொடுப்பது கருணைதான். ஆனால் பாக்கி என்பது எப்போதும் பண்ணையாரின் சட்டைப்பையில் இருக்கும் கயிறு. இழுக்காதவர் நல்லவர். இழுக்க முடியும் என்பது இருவருக்கும் தெரியும்.

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். விடிகாலைப் பெரட்டு, செக்ரோல், கங்காணி, கிராணி என்று அவள் பேச்சில் எல்லாரும் வருவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு மட்டும் தனி இடம்.

"அந்தத் தொர நல்ல தொரம்மா. ஒருத்தன கை நீட்டி அடிச்சதில்ல. என் தங்கச்சி பிரசவத்துக்கு ரெண்டு நாளு லீவு குடுத்தாரு. சம்பளத்துல புடிச்சிக்கிட்டாரு, ஆனா குடுத்தாரு."

"அவரு பங்களாவுக்குள்ள போயிருக்கியா பாட்டி?"

"உள்ள எதுக்குப் போறோம்? பின்னாடி சமையக்கட்டு வரைக்கும் போயிருக்கேன்."

பாட்டி இதில் கிண்டல் எதுவும் வைக்கவில்லை. மனசார நல்லவர் என்கிறாள். ஆனால் கேட்கிற எனக்கு அந்த 'ஆனா' என்ற ஒரு சொல்லில் தோட்டம் முழுக்கத் தெரிகிறது. நம் தோட்டங்களின் கதையில் பெரும்பகுதி இப்படி விசுவாசமான வாய்களில்தான் மிச்சமிருக்கிறது. கோபமாகப் பேசியவர்கள் கொஞ்சம் பேர். நன்றியோடு பேசியவர்களே அதிகம். அந்த நன்றியை எப்படி வாசிப்பது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காசல் ராக்ரென்ட்டைத் திறந்தபோது அதில் பாட்டி குரலில் ஒரு கிழவர் பேசிக்கொண்டிருந்தார்.

தேய்டி குவர்க் என்று பெயர். ராக்ரென்ட் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பண்ணையார்களுக்கு வேலை பார்த்தவர். வெயிலோ குளிரோ ஒரே நீளக் கோட்டு, அதையும் கை நுழைக்காமல் கழுத்தில் ஒரு பொத்தானால் மாட்டியிருப்பார். தன் எசமானர்களின் பெருமையைச் சொல்லவே வாய் திறக்கிறார். சொல்லச் சொல்ல அவர்கள் அம்மணமாகிறார்கள். சர் பாட்ரிக் குடித்தே செத்தார், சவ ஊர்வலத்தில் கடன்காரர்கள் பிணத்தைப் பிடித்துவைத்தார்கள். சர் முர்டா வழக்குப் பைத்தியம். அவர் மனைவி தரும பாடசாலைப் பிள்ளைகளை வைத்தே இனாமாக நூல் நூற்க வைப்பாள். சர் கிட் பணக்கார யூதப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, அவள் வைரத்தைக் கொடுக்க மறுத்ததால் 7 வருடம் அறையில் பூட்டிவைத்தார். சர் காண்டி யாரைக் கட்டுவது என்று காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தவர். தேர்தலில் நின்றபோது, ஓட்டுப் போட வருகிறவனுக்கு நிலம் இருக்க வேண்டுமே என்பதற்காக அவருடைய நிலத்துப் புல்கட்டிகளைப் பெயர்த்து வந்து, ஆட்களை அதன்மேல் நிற்கவைத்து, அந்த மண்ணில் நின்றதாகச் சத்தியம் செய்ய வைத்தார்கள். எல்லாவற்றையும் தேய்டி, நம்ம குடும்பம் என்ற பாசத்தோடு சொல்கிறார். கடைசியில் பண்ணை முழுவதும் கைமாறுகிறது. வாங்குகிறவன் ஜேசன் என்ற வக்கீல், தேய்டியின் சொந்த மகன். கிழவர் மகனைப் பார்த்து வருத்தப்படுகிறார். நிஜமாகவே வருத்தப்படுகிறாரா என்று கடைசிவரை நமக்குப் பிடி கிடைப்பதில்லை.

தேய்டி கற்பனை ஆள் இல்லை. எட்ஜ்வொர்த்ஸ்டவுன் பண்ணையில் மேற்பார்வை பார்த்த ஜான் லங்கன் என்பவரின் பேச்சு அது. மரியா அவரைப் போலப் பேசிக் காட்டி அத்தையைச் சிரிக்கவைப்பாள். எழுத உட்கார்ந்தபோது அவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் சொல்கிறாள். கதையின் சம்பவங்களில் சில, எட்ஜ்வொர்த்களின் குடும்ப வரலாறு எழுதிய 'கறுப்புப் புத்தக'த்திலிருந்து வந்தவை. குடித்தும் சூதாடியும் அழித்த முன்னோர்கள் அந்த வீட்டிலும் இருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். மரியா அதற்குப் பிறகு எழுதிய ஏறக்குறைய எல்லாவற்றையும் அப்பா பார்த்தார், திருத்தினார், முன்னுரை எழுதினார். அவள் கூடத்தில், தம்பி தங்கைகளின் சத்தத்துக்கு நடுவில், ஒரு சின்ன மேசையில் எழுதுவாள். முதலில் கதையின் சுருக்கம் அப்பாவிடம் போகும், பிறகு பிரதி போகும். எழுதத் தொடங்கிய வயதில் அவளுக்கு ஒரு தடையும் இருந்தது. அப்பாவின் ஆருயிர் நண்பர் தாமஸ் டேக்குப் பெண்கள் புத்தகம் வெளியிடுவது ஆகாது. அவர் 1789-இல் இறந்த பிறகுதான் அவளுடைய முதல் நூல் 1795-இல் வந்தது. ஆனால் காசல் ராக்ரென்ட்டின் கதையை மட்டும் அவள் அப்பாவின் கை படாமல் எழுதினாள். அவளுடைய நூல்களில் இன்றைக்கும் உயிரோடு பேசுவது அதுதான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான். அப்பா கெட்ட திருத்துநர் என்பதால் அப்படி ஆகவில்லை. அப்பா பண்ணையார். பண்ணையார் பார்த்துத் திருத்திய பிரதியில் தேய்டி அப்படிப் பேசியிருக்க மாட்டார். பாட்டியும் துரை முன்னால் அந்த 'ஆனா'வைச் சொல்லியிருக்க மாட்டாள்.

1797-இல் எலிசபெத்தும் காசநோயில் போனாள். 1798 மே 31, தன் 54-ஆவது பிறந்தநாளில், எட்ஜ்வொர்த் நான்காவது தடவையாக மாப்பிள்ளை ஆனார். மணப்பெண் ஃபிரான்சஸ் பியூஃபோர்ட், மரியாவைவிட ஒரு வயது சின்னவள். காற்றின் வேகத்தை அளக்க இன்றும் பயன்படும் பியூஃபோர்ட் அளவை அவளுடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் வகுத்தது. கல்யாணம் நடந்தபோது நாட்டில் ஆங்கில ஆட்சிக்கு எதிரான கலகம் வெடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. டப்ளினிலிருந்து ஊருக்கு வரும் வழியில், தூக்கி நிறுத்திய வண்டி ஏர்க்கால்களுக்கு நடுவே ஒரு ஆள் தூக்கில் தொங்குவதைப் புதுப்பெண் பார்த்தாள்.

ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை கிலாலாவில் இறங்கியது. செப்டம்பரில் ஈட்டிக்காரர்கள் எட்ஜ்வொர்த்ஸ்டவுன் பக்கம் வருகிறார்கள் என்றதும் குடும்பம் லாங்ஃபோர்ட் நகருக்கு ஓடியது. வண்டியில் இடமில்லாததால் வீட்டு நிர்வாகி அம்மாள் மட்டும் பின்தங்கினார். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் ஒரு பொருள் கலையவில்லை. கலகக்காரர்களில் ஒருவன் யாரையும் உள்ளே விடவில்லையாம். காரணம், எப்போதோ அவன் மனைவி குத்தகைப் பணம் கட்ட முடியாமல் நின்றபோது இந்த அம்மாள் கடன் கொடுத்திருக்கிறார். பண்ணையாரின் சீர்திருத்தங்கள் வீட்டைக் காப்பாற்றியதாக அந்தக் கதையில் வரவில்லை. ஒரு வேலைக்காரப் பெண்மணி இன்னொரு ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்த கைமாற்று காப்பாற்றியது.

லாங்ஃபோர்டில் நடந்தது இன்னும் விசித்திரம். எட்ஜ்வொர்த் ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுத்தபோது கத்தோலிக்கர்களையும் சேர்த்திருந்தார். அது போதாதா சந்தேகப்பட? ஒருநாள் மாலை சிறைக் கட்டடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்துப் பத்திரிகை வாசித்தவரை, பிரெஞ்சுக்காரர்களுக்கு விளக்குக் காட்டுகிறார் என்று சொல்லி, அவருடைய சொந்த மதத்து ஆட்களே கல்லெறிந்து கொல்லப் பார்த்தார்கள். ராணுவ அதிகாரிகள் காப்பாற்றினார்கள். கலகக்காரன் விட்டுவிட்டான், தன் ஆட்கள் அடித்தார்கள். நடுவில் நிற்கும் நல்லவருக்குக் கிடைக்கும் மரியாதை அதுதான்.

அதே வருடம் அவர் செயின்ட் ஜான்ஸ்டவுன் தொகுதி உறுப்பினராக டப்ளின் நாடாளுமன்றத்துக்குப் போனார். கலகத்துக்குப் பிறகு லண்டன் அரசு, அயர்லாந்து நாடாளுமன்றத்தையே கலைத்து பிரிட்டனோடு இணைத்துவிட முடிவு செய்திருந்தது. கலைப்பதற்கு அந்த நாடாளுமன்றமே ஓட்டுப் போட வேண்டும். பட்டம், பதவி, பணம் எல்லாம் தாராளமாகப் புழங்கின. இணைப்பு நாட்டுக்கு நல்லது என்றுதான் எட்ஜ்வொர்த் நினைத்தார். ஆனாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். மக்கள் விரும்பாததை, அதுவும் காசு கொடுத்து, அவர்கள் தலையில் கட்டக்கூடாது என்பது அவர் காரணம். மிச்சமிருந்த சில வாரங்களுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுக்க 3000 கினி பேசினார்கள் என்று சபையிலேயே எழுந்து சொன்னார். சரி என்று தான் நம்பிய ஒன்றை, வழி தவறு என்பதற்காக எதிர்த்து ஓட்டளித்த அரசியல்வாதியை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. இணைப்பு நிறைவேறியது. 1801 ஜனவரி 1 முதல் அந்த நாடாளுமன்றம் இல்லை.

அந்த இறுதிக் கூட்டத்தொடர் தொடங்கிய 1800 ஜனவரியில்தான் லண்டனில் காசல் ராக்ரென்ட், எழுதியவர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. அப்பா சபையில் ஒரு வர்க்கத்தின் கடைசி நாட்களில் கௌரவமாக உட்கார்ந்திருந்தார். அந்த வர்க்கம் எப்படி அழியும் என்பதை ஒரு வேலைக்காரக் கிழவர் வாயால் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அட்டையில் 1782 என்ற கோட்டைப் போட்டாள். கதையில் அந்தக் கோடு நிற்கவில்லை. வேலைக்காரன் மகன் நிலத்தை வாங்கிவிடுகிறான்.

அவள் அப்பாவை நேசித்தாள் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1802-இல் பாரிசில் எடல்கிராண்ட்ஸ் என்ற ஸ்வீடன்காரர் அவளைப் பெண் கேட்டார். அவரும் தந்திக் கோபுரங்கள் அமைத்தவர் என்பது ஒரு வேடிக்கை. ஸ்டாக்ஹோம் போய் வாழ முடியாது என்று மறுத்துவிட்டாள், வெகுநாள் வருந்தினாள், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1817-இல் அப்பா படுக்கையில் விழுந்தபோது, அவர் கேட்பதற்காகவே 'ஆர்மண்ட்' நாவலை அவசர அவசரமாக எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினாள். அவர் பிறந்தநாளான மே 31 தேதியிட்டு அதற்கும் முன்னுரை தந்தார் அவர். ஜூன் 13-இல் இறந்தார்.

பாதியில் நின்ற தன் சுயசரிதையை மகளே முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 1820-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதி அவர் எழுதியது, அது அயர்லாந்துக்குத் திரும்புவதற்குள் முடிந்துவிடுகிறது. 1782-இலிருந்து எல்லாம் மரியா எழுதியது. அதாவது, காதலும் சக்கரமும் பந்தயமும் அவர் குரலில் இருக்கின்றன. பண்ணையாராக அவர் வாழ்ந்த 35 வருடங்கள் மகளின் குரலில் மட்டும் இருக்கின்றன. நான் மேலே எழுதியிருக்கும் நல்ல காரியங்களில் பலவும் அவள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இதைக் கவனித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். ராக்ரென்ட்களுக்குத் தேய்டி எப்படியோ, எட்ஜ்வொர்த்துக்கு மரியா அப்படி. விசுவாசமான வாய்.

அப்படியானால் அவள் சொல்வதையும் தேய்டியைப் போலத்தான் வாசிக்க வேண்டுமா? 'குவார்ட்டர்லி ரெவ்யூ' பத்திரிகை அப்பாவின் நூலைக் கிழித்துத் தொங்கவிட்டது. அவள் அந்த விமர்சனத்தை வாசிக்கவே மாட்டேன் என்று இருந்துவிட்டாள். எனக்கோ அவளைப் பொய்க்காரி என்று சொல்லத் தோன்றவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை. விசுவாசக் குரலில் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒரு மனிதர் நிஜமாகவே நல்லவராக இருந்தார் என்பது ஒன்று. அவர் நல்லவராக இருந்ததையே ஒரு செய்தியாகச் சொல்லவேண்டிய நிலையில் எல்லாரும் இருந்தார்கள் என்பது இன்னொன்று. ஒரு வருட பாக்கி விட்டார் என்று மகள் பெருமையாக எழுதும்போது, மற்றவர்கள் அரை வருடத்தில் மாட்டை ஓட்டிப்போனார்கள் என்பதும் அந்த வரியிலேயே இருக்கிறது. முதலாவதை மறுத்தால் அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் குத்தகைக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிற்பாடு பண்ணை தம்பி லோவெல் கையில் கடனில் மூழ்கியது. 1826-இல், 58 வயதில், மரியா மறுபடியும் பேரேட்டைக் கையில் எடுத்தாள். 1834-இல் ஒரு கடிதத்தில், இன்றைய அயர்லாந்தைக் கதையாக எழுத முடியாது, நிஜம் அவ்வளவு கடுமையாகிவிட்டது என்று எழுதினாள். அதற்குப் பிறகு அயர்லாந்தைப் பற்றி நாவல் எழுதவில்லை. 1845-இல் உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சம் வந்தது. எண்பதை நெருங்கிய கிழவி அங்கும் இங்கும் கடிதம் எழுதி உணவு கேட்டாள். அவளுடைய சிறுவர் கதைகளை வாசித்திருந்த பாஸ்டன் பிள்ளைகள், அவளுடைய ஏழைகளுக்கென்று பீப்பாய் பீப்பாயாக மாவு அனுப்பினார்கள். இறக்கி எடுத்துப்போன சுமைகூலிகள் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கம்பளிக் கழுத்துத்துணி தன் கையால் பின்னிக் கொடுத்தாள் மரியா. 1849 மே 22-இல், தன்னைவிட ஒரு வயது சின்னவளான சிற்றன்னையின் கைகளில் இறந்தாள்.

22 பிள்ளைகளில் கடைக்குட்டி மைக்கேல் பாக்கன்ஹாம் இந்தியாவில் கம்பெனி அதிகாரியாகவும் தாவரவியலாளராகவும் ஆனார். பொருளாதாரம் படித்தவர்கள் வரைந்திருக்கும் 'எட்ஜ்வொர்த் பெட்டி', இருவர் தம்மிடம் உள்ளதை எப்படிப் பங்கிட்டுக்கொண்டால் இருவருக்கும் நன்மை என்று காட்டுமே, அதில் இருப்பது பேரன் ஃபிரான்சிஸ் யிசித்ரோவின் பெயர். அவர் கல்யாணமாகாமல் 1926-இல் இறந்தார். அந்த வீடு இப்போது முதியோர் இல்லம்.

பாட்டியிடம் அந்தத் துரை பெயர் என்ன என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "தொரன்னுதான் கூப்பிடுவோம்" என்றாள். அன்றைய கங்காணி பெயரைக் கேட்டேன். கங்காணியின் பெயர், அவர் பெண்டாட்டி பெயர், எந்தக் கப்பலில் வந்தார்கள், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது வரைக்கும் வரிசையாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.